பத்து விரலும் ஒரு ரம்பமும்

பிப்ரவரி 11, சனி

இன்று என் மேசை ரம்பம் பக்கத்து வீட்டுக்கு ஒரு பலகை அனுப்பியது. நான் சொல்லி அனுப்பவில்லை.

ஓக் பலகை பாதி அறுபட்டிருந்தபோது, சுற்றும் பிளேடின் பின்பக்கம் அதைக் கவ்வி, என் விலாவை உரசியபடி திருப்பி எறிந்தது. பலகை கராஜ் ஜன்னலை உடைத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பனியில் குத்திட்டு நின்றது. நான் முதலில் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபிலோமினா பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நியூஜெர்சிக்காரர். மகளுக்கு இங்கே வேலை என்பதால் எங்கள் மினசோட்டாக் குளிருக்கு வந்து மாட்டிக்கொண்டவர். "இது உங்களுதா? என் நாயக் கொல்லப் பாத்துச்சு" என்றார். இப்படி நேருக்கு நேராகப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. வானிலை பற்றிப் பேசினேன்.

சோல்வேய் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாவிட்டால் விஷயம் பெரியது.

பிப்ரவரி 12, ஞாயிறு

சர்ச்சில் ஆர்கன் வாசித்தேன். ஆராதனை முடிந்து கீழே காப்பி குடிக்கும்போது மர்டில் வந்து, "ஆர்வில், கையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று விசாரித்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் வாசிக்கும் மாற்று ஆள் அவள். எனக்குக் காய்ச்சல் வருவதே கிடையாது. ஆனாலும் ஞாயிறுதோறும் இசைப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவாள்.

வீடு திரும்பும்போது சோல்வேய் வாயைத் திறந்தாள். "ஈஸ்டருக்குள்ள அந்த ரம்பம் விரலுக்கு ஆபத்து இல்லாததா ஆகணும். இல்லன்னா அது வீட்ட விட்டுப் போகணும். மிச்ச காலம் பூரா மர்டில் வாசிக்கிறதக் கேட்டுக்கிட்டு என்னால உக்கார முடியாது."

என் மேல் அவளுக்கு இருக்கும் அன்பை அவள் சொல்லிக் கேட்டது ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான்.

பிப்ரவரி 13, திங்கள்

ஃபிலோமினா மறுபடி வந்தார். அவருடைய காலமான கணவரின் ரம்பம் நிலவறையில் சும்மா கிடக்கிறதாம். தோல் பட்டதும் கண் இமைக்கும் முன் பிளேடு தானாக நின்று கீழே இறங்கிவிடும் ரகம். "எடுத்துக்கோங்க" என்றார்.

கராஜில் அதை எங்கே வைக்கலாம் என்று மனசு அப்போதே கணக்குப் போட்டுவிட்டது. "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க, வேண்டாம்" என்றேன்.

பிப்ரவரி 15, புதன்

"நெசமாத்தான் சொல்றேன், எடுத்துட்டுப் போங்க" என்றார் ஃபிலோமினா.

"இல்லீங்க, உங்களுக்கு வேணும்ல" என்றேன்.

எங்கள் ஊர் முறைப்படி இரண்டு தடவை மறுத்தாயிற்று, எல்லாம் நல்லபடியாகப் போகிறது. நாளையோ மறுநாளோ மூன்றாவது முறை கேட்பார். நான் கொஞ்சம் தயங்கி, சரி என்பேன். கராஜில் இடம் ஒதுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 18, சனி

ஃபிலோமினா கை அசைத்தார். கேட்கவில்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

அவர் வீட்டு வாசல் பனியை அள்ளிக் கொடுத்தேன். நிலவறைப் படி பக்கம் கொஞ்சம் அதிகமாகவே அள்ளினேன். நன்றி சொன்னார். குக்கீ கொடுத்தார். கேட்கவில்லை.

மூன்றாவது முறை கேட்காத மனுஷி உலகத்தில் உண்டா? பிறகு எப்படித்தான் ஒருவருக்கு ஒரு பொருள் வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள் அந்த ஊரில்?

பிப்ரவரி 25, சனி

சரி, காத்திருக்கும் நேரத்தில் என் கிழட்டு ரம்பத்தையே சீர்திருத்துவோம் என்று இறங்கினேன். பிளேடின் ஒரு பல்லில் குறி வைத்து, அது முன்னால் இருக்கும்போதும் பின்னால் இருக்கும்போதும் மேசையில் நீளவாக்கில் ஓடும் காடிப் பள்ளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தேன். பின்னால் வித்தியாசம். பிளேடு கோணலாகவே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்தே.

நான் செய்த சமையலறை இழுப்பறை சிக்கிக்கொள்ளும் போதெல்லாம் ஈரக்காற்றுதான் காரணம் என்று சோல்வேயிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். இதை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன்.

போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினேன். இப்போது முன்னும் பின்னும் ஒரே அளவு. இரண்டு துண்டு அறுத்து ஒட்டவைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் நுழையவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

மார்ச் 4, சனி

பிளேடு எட்டிப் பார்க்கும் வாய்க்குப் புதுத் தட்டு போட்டேன். அதன் பின்னால் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று நிற்கிறது. அறுபட்ட பலகை சேர்ந்து மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அது தடுக்கும். பலகையை அணைத்துத் தள்ளும் ஓரச்சட்டமும் புதுசு, இம்மிகூட ஆடுவதில்லை. வாங்கிய அன்றே கழற்றி ஆணியில் பத்திரமாக மாட்டி வைத்திருந்த பாதுகாப்பு மூடியையும் தூசி தட்டிப் பொருத்தினேன். கை கிட்டே போகாமலிருக்கத் தள்ளு குச்சிகள் செய்தேன்.

சோல்வேயை அழைத்துக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள். "விரல் பட்டா நிக்குமா?" என்றாள். நிற்காது என்றேன்.

"ம். இது ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது.

மார்ச் 8, புதன்

தவக்காலத்து சூப் விருந்து, சர்ச் நிலவறையில். பட்டாணி சூப்பை நான் வாயில் வைக்கும்போதுதான் மர்டிலின் கணவன் டுவேன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஃபிலோமினா எனக்கு ஒரு ரம்பம் குடுத்தாங்க, பரவால்லாம இருக்கு" என்றான்.

நடந்தது இதுதான். போன ஞாயிறு அவர் டுவேனைக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றிருக்கிறான். மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடி வேண்டாம். அதில் அவருக்குக் கோபம் வந்து, "இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ரம்பம் வேண்டாமா? கொண்டுபோய் ஏரியில போடவா?" என்று கத்தியிருக்கிறார். அதை மூன்றாவது முறையாகக் கணக்கு வைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டியிருக்கிறான்.

"நல்லதுப்பா" என்றேன். சூப் நாக்கைச் சுட்டுவிட்டது.

மார்ச் 9, வியாழன்

அவனுக்கு மட்டும் மூணு. எனக்கு ரெண்டு! பனி அள்ளுனது யாரு? நானு. அவன் என்னத்த அள்ளுனான்? — அவன் விரல் போனா யாருக்கு என்ன நஷ்டம், அவன் ஹார்மோனிகாகூட வாசிக்கிறதில்ல —

இப்படி எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன், ஆனால் எழுதியிருக்கக் கூடாது.

மார்ச் 18, சனி

மெல்லிய சட்டம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன். மூடி மறைத்தது, அதனால் கழற்றியிருந்தேன். ஒரே ஒரு அறுப்புக்குத்தானே என்று. மரத்தில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சு. சட்டம் துள்ளியது, தள்ளு குச்சி பிளேடுக்குள் போனது. கையில் மிஞ்சியது சுண்டுவிரல் நீளத் துண்டு.

அந்தக் குச்சியைச் செய்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் இந்த வேலைக்குக் கட்டைவிரலைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். பயந்துபோனேன். எவ்வளவு சீர்திருத்தினாலும் ரம்பத்தோடு நானும் இருக்கிறேன். மூடியைக் கழற்றுகிற ஆள் நான். என்னைச் சீர்திருத்த எந்தக் கடையில் சாமான் விற்கிறார்கள்?

மார்ச் 19, ஞாயிறு

மத்தியானம் டுவேன் வீட்டுக்குப் போனேன், சும்மா பார்க்க. நல்ல ரம்பம். எண்ணெய் மாதிரி ஓடுகிறது. பார்த்துவிட்டுக் கிளம்பும்போது ஊர் வழக்கப்படி டுவேன், "உனக்குத்தான் இது ரொம்பத் தேவை, ஆர்கன் எல்லாம் வாசிக்கிற. நீயே எடுத்துக்கோயேன்" என்றான்.

இதற்குப் பதில் இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"சரி, எடுத்துக்கறேன்" என்றேன்.

மர்டில் துண்டு போட்ட கேக் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். டுவேன் முகத்தில் ரத்தம் இல்லை. என் முகத்தில் மொத்தமும் இருந்திருக்கும். யாரோ காற்று வடக்கிலிருந்து அடிப்பதாகச் சொன்னார்கள். நான்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 20, திங்கள்

ரம்பத்தை வண்டியில் ஏற்ற டுவேனே உதவினான். "உனக்கு நிச்சயமா வேணும்ல?" என்று நாலு இடத்தில் கேட்டான். நாலு இடத்திலும் வேண்டும் என்றேன். ஒவ்வொரு முறையும் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

சோல்வேய் கேட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். "நேரா சரின்னுட்டியா? முதல் தடவையே?" இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று புலம்பினாள். ஆனால் புது ரம்பத்துக்கு ஒரு பழைய போர்வையும் கொண்டுவந்து போர்த்தினாள்.

மார்ச் 21, செவ்வாய்

சீர்திருத்திய என் பழைய ரம்பத்தை டுவேனுக்குக் கொடுத்தேன். முறைப்படி மறுத்தான், முறைப்படி வாங்கிக்கொண்டான். மனசு ஆறியது. கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஏப்ரல் 8, சனி

மேப்பிள் துண்டு. ஒரு நொடி கவனம் ஜன்னல் பக்கம் போனது, ஃபிலோமினாவின் நாய் குரைத்ததற்கு. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிளேடு காணோம். மேசைக்குள் இறங்கிப்போய், அதை நிறுத்தப் பாயும் அலுமினியக் கட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கிறது, இனி இரண்டும் குப்பைக்குத்தான். என் கட்டைவிரலில் காகிதம் கிழித்த அளவுக்கு ஒரு கீறல்.

சோல்வேய் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். என் கையை வாங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எங்கள் கல்யாணத்தில்கூட நாங்கள் இப்படி நின்றதில்லை.

அப்புறம்தான் டுவேன் ஞாபகம் வந்தது. அவனிடம் இருப்பது என் பழையது. விரல் பட்டால் நிற்காது.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

கட்டைவிரலில் பேண்டேஜோடு வாசித்தேன். இரண்டாம் சரணத்தில் இரண்டு கட்டை சேர்ந்து அமுங்கிவிட்டது. முன் வரிசையில் சோல்வேய் ஒருத்திதான் சிரித்தாள்.

ஆராதனை முடிந்ததும் நேரே டுவேனிடம் போனேன். கையைக் காட்டினேன். "அந்தப் பழசத் தொடாத. அறுக்க வேண்டியதெல்லாம் என் கராஜுக்குக் கொண்டா. சாவி எப்பவும் பூந்தொட்டிக்கு அடியில இருக்கும்" என்றேன்.

"ஐயோ, உனக்கு எதுக்கு அந்தச் சிரமம், வேண்டாம்" என்றான் டுவேன்.

நான் இரண்டாவது முறை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து மர்டில், "வருவாரு. நாளைக்கே வருவாரு" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இசைப் புத்தகப் பை நாற்காலியில் கிடந்தது. என் பேண்டேஜையே பார்த்துக்கொண்டு நின்றாள், டுவேனின் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி. காப்பி ஆறி, கார்களெல்லாம் கிளம்பிய பிறகும் அவள் விடவில்லை.