வெட்டுக்குக் கீழே ஒரு ஒட்டு

அப்பா,

காலையில் சீல் மிஷின் சூடேறும்போது ஒரு வாடை வரும். பிளாஸ்டிக் கருகுவதற்குச் சற்று முன்னால் வருகிற வாடை. வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அதை என்மேல் மோப்பம் பிடித்துவிடுவீர்கள். "என்ன ஆத்தா, இன்னைக்கு எத்தன பேரு பல்லுக்கு வேட்டு வச்சுட்டு வந்த?" என்பீர்கள். அம்மா சிரிப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கழுவப் போய்விடுவேன். இன்றைக்கு அந்த வாடை வந்தபோது, கேட்க ஆளில்லாத அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் பாதியிலேயே நான் நின்றபோது நீங்கள் திட்டவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு ஒரு வார்த்தை வெளியே வராது என்பது உங்களுக்குத் தெரியும். "வாய் வராட்டி என்ன, கை வருதுல்ல" என்று கம்பம் டவுனில் இந்தச் சிப்ஸ் கம்பெனியில் கொண்டுவந்து சேர்த்தீர்கள். நேந்திரங்காய் சிப்ஸைக் கவரில் நிரப்பி, கவர் வாயை மிஷினில் கொடுத்து ஒட்டுவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

சேர்ந்த இரண்டாவது மாதம் மலைமேல் இருக்கும் குமுளிக் கடைகளிலிருந்து சிப்ஸ் நமுத்துப்போய்த் திரும்பி வந்தது. ஒட்டு சரியில்லை என்று சூப்பர்வைசர் அக்கா எல்லோரையும் சத்தம்போட்டார். "இனிமே ரெண்டு ஒட்டு போடுங்க. காத்து போகக்கூடாது, அம்புட்டுதேன்!" நான் மேலே ஒன்று போட்டு, கவரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கீழே இன்னொன்று போட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே போட்டார்கள். அதன்பிறகு ஒரு பாக்கெட்கூடத் திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையில் நான் கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தீர்கள். எதிர்வீட்டுக்காரரிடம் அதைத் தூக்கிக் காட்டி, "எம்மக ஒட்டுனது" என்றீர்கள். பிறகு பிரிக்க உட்கார்ந்தீர்கள். வாழைத்தார் ஏற்றும்போது லாரிக் கதவு நசுக்கிய உங்கள் வலது கட்டைவிரலில் தொடு உணர்ச்சி இல்லை. அதனால் இடது கையால், கவர் ஓரத்தில் பிரிப்பதற்காகவே விட்டிருக்கும் அந்தச் சின்ன வெட்டைப் பிடித்துக் கிழித்தீர்கள். மேலே ஒரு நாடா மட்டும் அழகாகக் கழன்று வந்தது. பாக்கெட் மூடியபடியே இருந்தது.

"என்னத்தா இது, தலப்பாவ மட்டும் கழட்டுது?"

பல்லால் கடித்தீர்கள். முழங்காலில் வைத்து அழுத்தினீர்கள். கடைசியில் அது வெடித்து, சிப்ஸ் வாசல்வரைக்கும் பறந்தது. கோழிகளுக்குக் கொண்டாட்டம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் காலிக் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டீர்கள்: "பிரிக்கத்தான வெட்டு விட்டிருக்கு. அதுக்குக் கீழ எதுக்கு இன்னொரு பூட்டு?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. "அக்கா ரெண்டு ஒட்டு போடச் சொன்னாக" என்றேன்.

"கீழ போடச் சொன்னாகளா?"

"இல்ல."

"அப்ப போயிச் சொல்லு."

"எனக்குச் சொல்ல வராதுப்பா."

"நான் வந்து சொல்லட்டா?"

"ஐயோ, வராதீகப்பா!"

மறுநாள் பத்து மணிக்கு வந்துவிட்டீர்கள். கைலிக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டு, அந்தக் காலிக் கவரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றீர்கள். "குத்தம் சொல்ல வரலண்ணே. எம்மக இங்கனதான் வேல பாக்குது. பாக்கெட்டப் பிரிக்க முடியல, அதச் சொல்லிட்டுப் போகலாம்னு..." வாட்ச்மேன் அண்ணன், "மக பேரென்ன?" என்று கேட்டார். நான் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் குனிந்தேன். குனிவதற்கு முன் நம் இரண்டு பேர் கண்ணும் ஒருமுறை பார்த்துக்கொண்டன.

"இல்லண்ணே, கம்பெனி மாறி வந்துட்டேன் போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனீர்கள்.

அன்று ராத்திரி சோறு போடும்போது, ஏன் ஒளிந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்தபோதும் அது சொல்லாமலேதான் கிடந்தது. ஏழு மாதமாக வெட்டுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று வேலை முடிந்து அனுமந்தன்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அக்கா, மடியில் பிள்ளை. பிள்ளை பசியில் கத்தியது. அவர் பையிலிருந்து எடுத்தது எங்கள் பாக்கெட். நாடா மட்டும் கழன்று வந்தது. பல்லால் இழுத்தார், நகத்தால் கீறினார். "எந்தப் பாவி மக ஒட்டுனாளோ, இவ்வளவு கல்நெஞ்சக்காரியா இருக்கா!" என்றார். கண்டக்டர் பேனா முனையால் குத்திப் பிரித்துக் கொடுத்தார். பிள்ளை அழுகையை நிறுத்தி என்னிடமே ஒரு சிப்ஸை நீட்டியது. வாங்கிக்கொண்டேன். இறங்கும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இன்று காலை எல்லோருக்கும் முன்பே வேலைக்கு வந்தேன். மிஷினில் கவர் அதிகம் உள்ளே போகாமல் தடுக்கும் தகட்டை ஒரு விரற்கடை தள்ளி வைத்து, இரண்டு ஒட்டையும் வெட்டுக்கு மேலேயே போட்டுப் பார்த்தேன். பத்துப் பாக்கெட்டை வாளித் தண்ணீரில் முக்கி அழுத்தினேன். ஒன்றிலும் குமிழி வரவில்லை.

சூப்பர்வைசர் அக்கா வந்ததும் பழைய பாக்கெட் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "பிரிங்கக்கா" என்று மட்டும் வந்தது.

அவர் கிழித்தார். நாடா வந்தது. மறுபடி இழுத்தார். பல்லுக்குக் கொண்டு போனார். வரிசையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். "ஏக்கா, அருவா எடுத்தாரவா?" என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

"எவடி இத ஒட்டுனது?"

"நான்தான்க்கா. முதல்ல அப்படிப் போட்டதும் நான்தான்." சொல்ல வந்துவிட்டது. வாளியைக் காட்டினேன். புதுப் பாக்கெட்டைக் கொடுத்தேன். இரண்டு விரலில் பிரிந்தது. அவர் ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்தபடி வரிசைப் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குக் குமுளி லோடு பூரா இப்படியே போடுங்க. நமுத்துத் திரும்பி வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்க்கா."

லோடு மத்தியானம் மலையேறிவிட்டது. திரும்பி வருமா வராதா என்று ஒரு வாரத்தில் தெரியும். வராது என்றுதான் நினைக்கிறேன். வந்தால் வேறு விதமாக ஒட்டிப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் வெளியே போகும்போது கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நாளில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணே, பாக்கெட் பிரியலன்னு யாராச்சும் வந்தாகன்னா திருப்பி அனுப்பிராதீக. என்னக் கூப்பிடுங்க."

"ஒன்னயா? நீ யாரு மக தாயி?"

என் பேரைச் சொன்னேன். பிறகு உங்கள் பேரைச் சொன்னேன், அப்பா. சத்தமாகத்தான் சொன்னேன்.