கொண்டி கழற்றிய கதவு

அன்பு மகள் சபிதாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கிருபையில் நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பத்து நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது எல்லாம் பொய். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், பேசமாட்டேன் என்று கை காட்டினாள். போனில் சொல்ல நாக்கு எழும்பாததால் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு அழு.

நம் ஊரில் அணு உலை விபத்து ஒத்திகை நடந்தது உனக்குத் தெரியும், உன் அணு பாதுகாப்பு ஆபீஸிலிருந்தும் இரண்டு பேர் பார்வையிட வந்திருந்தார்கள். ஒரு மாதமாக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். சைரன் ஊதினால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலை அடைக்க வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடாது, அயோடின் மாத்திரையை அவர்கள் சொன்ன பிறகுதான் விழுங்க வேண்டும், ஏற்றிப்போக பஸ் வரும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. கதிர்வீச்சு காற்றோடு வரும்போது நாலு சுவர்தான் முதல் மருந்து என்று நீ சொன்னதை நான் வலை பின்னும் இடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். என் மகள் ஆபீஸில் எழுதுகிற விதியாச்சே என்ற பெருமையில் தன்னார்வலராகப் பெயரும் கொடுத்தேன். மஞ்சள் தொப்பி தந்தார்கள், எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீட்டையும் உள்ளே இருக்கவைப்பது என் பொறுப்பு.

காலை பத்தரைக்குச் சைரன் ஊதியது. சபிதா மக்களே, எனக்கு நாள் தெரியும், மணி தெரியும், ஒத்திகைதான் என்பதும் தெரியும், ஆனாலும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டு ரோட்டுக்கு ஓடினேன். "கதவ அடைக்காதிய, ஓடுங்கலே ஓடுங்க" என்று கத்தினேனாம். தொப்பிக்காரனே ஓடினால் ஊர் நிற்குமா, அடுத்த வீட்டுக்காரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினான், பின்னாலேயே தெரு முழுவதும் ஓடியது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். நிஜமாக இருந்திருந்தால் அத்தனை பேரையும் விஷக்காற்றில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

மேட்டில் வைத்து உன் ஆபீஸ் பெண் ஒருத்தி கோபமே இல்லாமல், ஏன் ஐயா ஓடினீர்கள் என்று கேட்டாள். உன் வயதுதான் இருக்கும். இருபது வருஷமாகத் தொண்டையில் கிடந்தது அவளிடம் வெளியே வந்துவிட்டது. "ஒருக்க கதவ அடச்சு ஒரு பிள்ளையக் குடுத்தாச்சு பிள்ளே, இனி என்னால முடியாது" என்றேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

உன்னிடமும் சொல்லாதது இதுதான். சுனாமி அன்று நீ வடசேரியில் சித்தி வீட்டில் இருந்தாய், அம்மா பூசைக்குப் போயிருந்தாள். கடல் ஏறி வருகிறது என்று சத்தம் கேட்டதும், பின்னாலேயே வந்து தண்ணீரில் மாட்டிக்கொள்வானே என்று உன் தம்பி வினோஜை வீட்டுக்குள் விட்டு, "உள்ள இரி மக்கா, அப்பா இப்ப வந்திருவேன்" என்று சொல்லி வெளியே கொண்டியைப் போட்டுவிட்டு கரையில் கட்டிக் கிடந்த வள்ளத்தைப் பார்க்க ஓடினேன். என் கையிலிருந்து அலை அவனைப் பறித்துக்கொண்டது என்று எல்லாரிடமும் சொன்னேனே, பொய். தண்ணீர் வடிந்தபிறகு முதலில் போய் அந்தக் கொண்டியை நீக்கியவனும் நான்தான்.

மேட்டில் வைத்து அதைக் கேட்டதிலிருந்து அம்மா என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. சோறு வைக்கிறாள், பிரஷர் மாத்திரை எடுத்துத் தருகிறாள், முகம் மட்டும் பார்ப்பதில்லை. ஒத்திகைக்கு மறுநாளே ஆசாரி ரத்தினத்தை வரவழைத்து வாசல் கதவு, அறைக்கதவு, குளியலறைக் கதவு எல்லாவற்றிலும் கொண்டியையும் தாழ்ப்பாளையும் கழற்றச் சொன்னாள். ரத்தினம் என்னைப் பார்த்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டாலும் தருவதற்கு அவளிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

ஒத்திகை அறிக்கை உன் மேஜைக்குத்தான் வருமாம். எங்கள் தெரு தோற்றது, தன்னார்வலர் கடமை தவறினார் என்று அதில் இருக்கும், அப்பா என்று பார்த்து அந்த வரியை அடித்துவிடாதே. கடற்கரைக்காரர்களிடம் கதவை அடை என்று நோட்டீஸில் சொன்னால் போதாது என்றும் சேர்த்து எழுது. வேறு எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே அந்த விஷக்காற்று வரும் நாளில் இந்தக் கரையில் ஒரு கதவும் அடைபடாது என்றுதான் தோன்றுகிறது.

அங்கே மழை என்று டிவியில் சொன்னார்கள், நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உங்கள் இருவர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும். டிசம்பரில் வினோஜின் நினைவுப் பூசையை மறந்துவிடாதே. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டாலும் அம்மாவுக்காக வா. எந்த நேரத்தில் வந்தாலும் தட்ட வேண்டாம், கதவைத் தள்ளினால் போதும்.

உன் அப்பா,
ஏசுஅடிமை