அத்தை பாட வேண்டிய இடம்

ஏப்ரல் 6, திங்கள்

ஊரடங்கால் பஸ் ஓடவில்லை. ஓட்டுநரான அப்பா துணி அலமாரிக்குள் உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். கூடத்தில் எதிரொலிக்கிறதாம், குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவில் சத்தம் சுத்தமாகப் பதிவாகிறதாம். "அப்படியே அந்தத் துணியையும் மடிச்சு வைங்க" என்றாள் அம்மா.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்பா, பெரியப்பா, அத்தை மூவரும் மூன்று ஊர்களில். பெரியப்பா வயலினைப் பதிவுசெய்து அனுப்புவார். இரண்டையும் கணினியில் இணைப்பது நான். வரும் ஞாயிறு இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் இணையக் கச்சேரி; அதற்கு எங்கள் பதிவை அனுப்ப வேண்டும்.

அத்தைதான் பாடகி. இந்த முறை அவர் பாடமாட்டாராம். போன கச்சேரியில் அப்பா தனி ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டே இருக்க, அத்தை மேடையிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏன்க்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

"பஸ்ஸா இருந்தா எப்பவோ எறங்கியிருப்பேன்டா!"

அன்றோடு பேச்சு நின்றது.

ஏப்ரல் 8, புதன்

இணைத்தேன். முதல் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. கணினி போயிற்று என்று பயந்தே விட்டேன். இல்லை — பாட்டு தொடங்கட்டும் என்று இருவரும் காத்திருக்கிறார்கள்! பிறகு, பாடாத ஒருவருக்கு மிகவும் பணிவாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள். நடுவில் பெரியப்பா "பலே!" என்கிறார். யாருக்கு?

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "பாடறவளுக்கு இடம் விட வேண்டாமா?"

"அத்தைதான் பாடலையே, பெரியப்பா!"

"அதுக்காக இடம் விடாம இருக்க முடியுமா?"

அப்பாவைக் கேட்டால், "அவ முதல்ல பேசட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 10, வெள்ளி

பாட்டில்லாத பாட்டை அத்தைக்கு அனுப்பிவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. தப்புப் பண்ணிட்டேனோ?

ஏப்ரல் 11, சனி

அத்தையின் குரல் பதிவு வந்தது. பாட்டில்லை, திட்டு. நான் அனுப்பிய வாசிப்பைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே திட்டியிருக்கிறார்.

"இழுக்கறடா, இழுக்கற! எங்கடா இழுத்துட்டுப் போற? அண்ணா, பலேவாம் பலே! யாருக்கு அந்தப் பலே? வெக்கமா இல்ல?"

ஏதோ தோன்றி, அந்தத் திட்டை எடுத்து வாசிப்போடு சேர்த்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது! ஒவ்வொரு "டா"வும் தாளத்தில் விழுகிறது. அப்பா வேகமெடுக்கும் இடத்தில் அத்தையும் வேகமெடுக்கிறார். கடைசி "வெக்கமா இல்ல"வும் மிருதங்கத்தின் கடைசி அடியும் ஒன்றாக முடிகின்றன. கோபத்தில் எனக்கு வாக்கியமே ஒழுங்காக வராது. இவருக்குத் தாளம்கூடத் தப்பவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கத்துவார் என்று கதவோரமாகவே நின்றேன். "மறுபடி போடு" என்றார். மறுபடியும். பிறகு என் போனைப் பிடுங்கிக்கொண்டு அலமாரிக்குள் போய்விட்டார். உள்ளிருந்து கேட்டது:

"அக்கா... அந்த ரெண்டாவது 'இழுக்கற' கொஞ்சம் முந்துது. இன்னொரு தடவை திட்டேன்."

அப்புறம் கோட்டுகளையெல்லாம் தாண்டிப் போனில் அத்தையின் குரல், கூடவே மிருதங்கம்.

மதியமாகிவிட்டது. சங்கத்துக்கு எதை அனுப்புவது என்று கேட்க அலமாரியைத் தட்டினேன்.

"யாருடா அங்க, தாளத்தைக் கெடுக்கறது?" என்றார் அத்தை.