வலது பக்க ஜன்னல்

என் ஜெயா,

உன் மகள் மலருக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவும் வந்துவிட்டது. அதை முதலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் எதையும் ஆரம்பத்திலிருந்து கேட்டால்தான் உனக்குத் திருப்தி. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நாம் வேலைக்குப் போன வெள்ளிமலை பஸ் இன்னும் ஓடுகிறது. கள்ளக்குறிச்சி ஸ்டாண்டுக்குள் அது நுழையும்போதே ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். உனக்காக நானும் அப்படித்தான் சாப்பாட்டுப் பையைப் போடுவேன். உனக்கு வலது பக்க ஜன்னல்தான் வேண்டும். பெண்கள் சீட்டு எல்லாம் இடது பக்கம்.

"இன்னா டீச்சர், லேடீஸ் சீட்டு காலியா கெடக்குது. ஆம்பளைங்க சீட்டுல போய் குந்திக்கினு கீறீங்க?" என்பார் கண்டக்டர்.

"இங்க காத்து ஜாஸ்திண்ணே. அதுக்கும் டிக்கெட் போடுவீங்களா?" என்பாய்.

மலை ஏறும்போது வலது பக்கம் பள்ளத்தாக்கு. அதைப் பார்க்கத்தான் அங்கே உட்காருகிறாய் என்று நினைத்தேன். இறங்கும்போதும் வலது பக்கமே கேட்பாய். அப்போது அந்தப் பக்கம் வெறும் பாறை. ஜன்னல் கம்பியில் நெற்றிப்பொட்டை அழுத்தியபடி கண்ணை மூடிக்கொள்வாய். களைப்பில் தூங்குகிறாய் என்று உன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். பாறையைப் பார்க்க யாராவது சண்டை போட்டு இடம் பிடிப்பார்களா?

தலைவலி என்று நீ சொல்லாமல் இல்லை. "ஒத்தத் தலவலிடி, யாருக்குத்தான் இல்ல" என்பாய். தைலம் தடவினாய், மெடிக்கலில் மாத்திரை வாங்கினாய், கண்ணாடி மாற்றினாய். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று நம்மில் யாருமே பேசிக்கொண்டதில்லை.

வகுப்பில் உன் இடது கை துவண்டு சாக்பீஸ் விழுந்த அன்று, ஜீப்பில் உன்னைக் கீழே கொண்டுவந்தோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய்கள் சிக்குப் பிடித்த நூல்போல் பிறவியிலேயே பின்னிக் கிடந்ததாம். அது வெடித்து ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர்.

"தலைவலி எந்தப் பக்கம் வரும்? மாறி மாறி வருமா, எப்பவும் ஒரே பக்கமா?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் வாய் தானாகச் சொன்னது: "வலது பக்கம். எப்பவும் வலது பக்கம்." சொன்ன பிறகுதான் அது எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை.

இப்போது மலருக்கு வருவோம். காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறாள். போன மாதம் வடக்கனந்தலில் உங்கள் வீட்டுக்குப் போனபோது, சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி நெற்றிப்பொட்டில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம்.

"எப்பவும் இந்தப் பக்கம்தானாடி?"

"ஆமா பெரிம்மா. அப்பாகிட்ட சொல்லிக்கினு இருக்காதீங்க."

"ஸ்கேன் எடுத்துடலாம் வா."

"வேணாம். எடுத்து ஏதாச்சும் இருந்துச்சுன்னா? பாக்காம வுட்டா இல்லாத மாதிரியே இருந்துடலாம்ல."

"உங்கம்மாவும் பாக்காமதான் இருந்தா" என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க கூட வருவீங்கள்ல?" என்றாள்.

கடைசியில் உன் வீட்டுக்காரரிடமும் சொல்லி, மூவருமாகப் போனோம். டாக்டர் பொறுமையாகப் பேசினார். அம்மாவுக்கு வந்தது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வராதாம். ஒரே பக்கம் வலிக்கிற எல்லோருக்கும் உள்ளே கோளாறு இருக்கும் என்றும் இல்லையாம். ஆனால் பக்கமே மாறாமல் வந்தால் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுவது நல்லது என்றார். அந்த மிஷினுக்குள் அவள் படுத்திருந்த நேரமெல்லாம் வெளியே நான் அவள் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரிடம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உன்னிடம் வேண்டினேன். கேட்டதா?

ஒன்றுமில்லை ஜெயா. உள்ளே ஒன்றுமே இல்லை. சாதாரண ஒற்றைத் தலைவலிதான். வேளைக்குச் சாப்பிட வேண்டும், தூக்கம் கெடக்கூடாது, கொடுத்த மாத்திரையை விடக்கூடாது. "அப்போ ஐஸ் தண்ணி வெச்சிக்கலாமா சார்?" என்று கேட்டாள் உன் மகள். அவர் சிரித்துவிட்டார். உன் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் நின்று அழுதார்.

நேற்றுச் சாயங்காலம் மலை இறங்கும்போது பெண்கள் சீட்டு காலியாக இருந்தும் வலது பக்க ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. பாறை நெருங்கி நெருங்கி ஓடியது. கம்பியில் நெற்றிப்பொட்டை வைத்துப் பார்த்தேன். மலைக்குளிர் ஏறிய இரும்பு, எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? உனக்குத் தெரியும். எனக்குத்தான் நேற்று தெரிந்தது.

மலரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போவது என் பொறுப்பு. இனி யாருக்கு இடம் பிடித்தாலும், பையைப் போடுவதோடு நிறுத்தமாட்டேன். ஏன் இந்தப் பக்கம் என்று கேட்பேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
சுமதி