மச்சான் பார்த்த வடக்கு

அன்பு மாப்ள சேகருக்கு,

முதலில் நல்ல சேதி. உன் ரேடியோ டவர் நிற்கிறது. பத்தடி குட்டையாகிவிட்டது, இடமும் மாறிவிட்டது. ஆனால் நூல் பிடித்தாற்போல நேராக நிற்கிறது. நாலு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நான் பார்த்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய் என்பதால் செல்வியும் ஒரு தடவை பார்த்தாள்.

ஆமாம், செல்வியேதான். "எனக்குத் துணிக்கொடி கட்ட இடமில்ல, இவருக்குக் கம்பம் நட இடமிருக்கு" என்று உன்னைத் தினமும் வறுத்தெடுத்த என் தங்கச்சிதான். இப்போது அவளுக்குச் சொந்தமாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது, சொந்தமாக அழைப்புக் குறி இருக்கிறது. தையல் கடையில் ரவிக்கைத் துணிகளுக்கு நடுவே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தாள். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டாள். நமக்கு இரண்டு தடவை ஆனதை அவளிடம் நான் சொல்லவில்லை. நீ சொல்லியிருந்தால் அது உன் தப்பு.

நீ போய் இது இரண்டாவது புரட்டாசி. ஆரப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று உன் போனிலிருந்தே யாரோ என்னிடம் பேசினார்கள். உன் பையில் புதிதாக வாங்கிய கேபிள் கனெக்டர் இரண்டு, கவர் பிரிக்காமல் இருந்தன. எதற்கு வாங்கினாய், எதை மாற்றப் போனாய்? உன்னோடு சேர்ந்து ஹாம் ரேடியோ பழகிய எனக்கே தெரியவில்லை. ஒரு வருஷம் அவற்றை என் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் டவரை விற்கப் பார்த்தவன் நான்தான். பக்கத்து வீட்டு மூக்கையா அண்ணன் ஆடி மாதக் காற்றில் பயந்துபோய் வந்து நின்றார். டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி ஒன்றின் முறுக்குத் திருகு துருவேறிப்போய், காற்றடித்தால் டவர் லேசாக ஆடியது. "ஐப்பசி மழைக்கு முன்னாடி எறக்கிருங்கம்மா. எங்க தண்ணித் தொட்டி மேல சாஞ்சா யாரு பதில் சொல்றது? பேரப்பிள்ளைக அங்கதான் வெளாடுதுக" என்றார். அவர் மேல் கோபப்பட முடியாது. அவர் சொன்னது நியாயம். பின்னால் ரூம் எடுக்கப் போகிறேன் என்று இடத்தை மிச்சம் பிடித்து, அவர் சுவரை ஒட்டி டவரை நட்டவன் நீதானே?

நான் உடனே திண்டுக்கல்லில் ஒரு ஆளைப் பிடித்தேன். அவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கழற்றி எடுத்துக்கொள்கிறேன் என்றார். மேலே ஏறக்கூட ஆள் கூட்டி வந்திருந்தார். செல்வி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"யாரக் கேட்டு விக்கிற?"

"உனக்கெதுக்கும்மா இம்புட்டுத் தலவலி?"

"தலவலி எனக்குத்தான? நான் பாத்துக்கிறேன். நீ டீ குடிச்சிட்டுப் போண்ணே" என்று சொல்லிவிட்டு, வந்தவருக்கும் டீ கொடுத்து அனுப்பினாள். எனக்கு அன்றைக்கு ரொம்பக் கோபம். பயமும் இருந்தது. உன்னை இழந்த வீட்டில் இன்னொன்று விழுந்தால் தாங்க முடியாது என்ற பயம்.

மறுநாள் காலையில் மூக்கையா அண்ணனையே கூப்பிட்டாள் பார். டவர் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, ஆன்டெனாவின் கை நீளத்துக்காகக் கூடுதலாக விட்டு, ஒரு முனையை டவர் அடியில் கட்டினாள். மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். "கயிறு போற வரைக்கும் போங்கண்ணே. டவரு விழுந்தா அதுதான் எல்ல." அவர் சுவர் வரை நடந்தார், சுவரைத் தாண்டியும் கயிறு மிச்சம். அந்தப் பக்கம் நின்ற மருமகளிடம் கொடுத்தார். கயிறு நேராகப் போய்த் தொட்டியைத் தொட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் பக்கத்து வீட்டுத் தலைக்கு மேல் இரும்பை நிறுத்திவிட்டு நாம் இரண்டு பேரும் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தோம், மாப்ள.

"அப்ப எறக்கத்தான வேணும்?" என்றார் மூக்கையா அண்ணன்.

"எறக்கிருவோம்ணே. எறக்கிட்டு, நடு எடத்துல நடுவோம்" என்றாள்.

மேல் துண்டு பத்தடியைக் கழற்றிவிடுவது என்று முடிவானது. கயிற்றிலும் பத்தடி குறைத்து, நடு இடத்தில் முளை அடித்துக் கட்டினாள். இந்தத் தடவை மூக்கையா அண்ணனே சுற்றி வந்தார். விழுந்தால் ஒன்று நம் முருங்கை மேல், இல்லையென்றால் நம் மொட்டை மாடி மேல். தெருவில் போகும் மின்சாரக் கம்பிக்கும் கயிறு எட்டவில்லை. "இனி உங்க பாடு" என்று கயிற்றைக் கீழே போட்டவர், குழி வெட்டுகிற அன்றைக்குக் கடப்பாரையோடு வந்து நின்றார். இடிக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். செம்புக் கம்பி, கரி, உப்பு போட்டு எர்த் குழி எடுத்ததைக் கூட இருந்து பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியை விட்டார். மழை இருட்டினால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும் என்பது இப்போது அவர் பேரனுக்கும் தெரியும்.

பத்தடி குறைந்ததில் உனக்கு வருத்தம் இருக்கும். எனக்கும் இருந்தது. உயரம் போனால் எட்டும் தூரம் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "கொறஞ்சா கொறையட்டும். பக்கத்து வீட்டுக்காரவுக நிம்மதியாத் தூங்கணும்ல?" என்றாள். கணக்குத் தாளை மடித்து வைத்துவிட்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நம் பழைய சண்டையும் தீர்ந்தது. கம்பி ஆன்டெனா போதும் என்று நான், சுழலும் ஆன்டெனாதான் வேண்டும் என்று நீ. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது அது! செல்வி இரண்டையும் வைத்துக்கொண்டாள். தூரத்துக்கு உன்னுடையது உச்சியில். பக்கத்து ஊர்களுக்கு என்னுடையது, உச்சியிலிருந்து கூரை போல இரண்டு பக்கமும் இறங்கும் கம்பி. அந்தக் கம்பியை அவள் வெட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். நாம் கணக்குப் போட்ட அளவுக்குச் சரியாக வெட்டிவிட்டு, பத்தவில்லை என்று ஒட்டுப் போட்ட ஆட்கள். அவள் இரண்டு முனையிலும் ஒரு சாண் மிச்சம் விட்டாள். "தையலுக்கு விடாம யாருண்ணே துணிய வெட்டுவாக?" கட்டிப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, விரல்கடை விரல்கடையாக மடித்துக் குறைத்தாள். மூன்றாவது மடிப்பில் முள் சரியான இடத்தில் நின்றது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

நீ டவர் நட்ட வருஷம் எனக்கு நினைவிருக்கிறது. நான் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் நாகமலை புதுக்கோட்டை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ரேஷன் கடைக்குப் போகக்கூட என்னை யாரும் நம்பிச் சொல்லாத நேரம் அது. நீ வந்து ஆனையூரில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். உச்சியில் ஆன்டெனாவோடு நீ. கீழே டவர் காலைக் கட்டிப்பிடித்தபடி, கையில் காம்பஸோடு நான். "வடக்கு உன் பொறுப்பு மச்சான். நீ சொல்ற பக்கம் திருப்புறேன்" என்று மேலேயிருந்து கத்தினாய். நான் கையைக் காட்டினேன், நீ முடுக்கினாய். அன்றைக்கு இரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தேன். ஆன்டெனாவைச் சுழற்றும் பெட்டியின் குமிழ் எப்போதும் என் கையில். அன்று நான் காட்டிய வடக்கை வைத்துத்தான் அந்தப் பெட்டி திசை சொல்லும். பிரேசில்காரர்களோடு பேச வேண்டும் என்பது உன் ஆசை. வரைபடக் கணக்குப்படி அது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். "எங்க வீட்டத் தாண்டி நேராப் போனா பிரேசில்" என்று நான் பெருமையடிப்பேன். குமிழைத் திருப்புவேன், ஒன்றும் கேட்காது. வெறும் இரைச்சல்தான். சாயங்காலம் நான் பஸ் பிடித்து வீடு சேருவதற்குள் போன் வரும். "மச்சான், பிரேசில் வந்துருச்சு! நீ கெளம்புனதும்தான்டா வருது. உன் ராசி அப்படி!"

என் ராசி! பதினோரு வருஷம் அதை நம்பினேன், மாப்ள. சிரித்துக்கொண்டேதான் நம்பினேன், ஆனால் நம்பினேன். முக்கியமான நாட்களில் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிப் போயிருக்கிறேன், உனக்குக் கிடைக்கட்டும் என்று.

டவரை இறக்கிய அன்று செல்வி அந்தப் பெட்டியைத் தூசி தட்டக் கவிழ்த்தாள். அடியில் பழுப்பேறிய ஒரு பிளாஸ்திரி. அதில் உன் கோழிக்கிறுக்கல்: "மச்சான் வடக்கு + 40."

"இது என்னண்ணே?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரும்பு டவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காம்பஸ் பார்த்திருக்கிறேன். இரும்புக்குப் பக்கத்தில் அந்த முள் வடக்கையா காட்டும்? எதிரே யானைமலை நிற்கிறது, அதுதான் கிழக்கு என்று ஆனையூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற மலையை விட்டுவிட்டுக் கையிலிருந்த முள்ளை நம்பினேன். நாற்பது டிகிரி தப்பு. நான் பிரேசில் என்று திருப்பியபோதெல்லாம் உன் ஆன்டெனா திருமங்கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நீ எப்போது கண்டுபிடித்தாய்? அந்தப் பிளாஸ்திரியின் வயதைப் பார்த்தால் முதல் வருஷமே இருக்கும். உச்சியில் ஒரு நட்டைத் தளர்த்தித் திருப்பியிருந்தால் அரை மணி நேர வேலை. ஏன் செய்யவில்லை? நான் வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றா? நான் போகும் வரை வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, போன பிறகு நாற்பது கூட்டிப் பேசினாயா? அத்தனை ஞாயிறும்?

எனக்கு உன் மேல் கோபம் வந்தது. முதல் நாளே காதைத் திருகிச் சொல்லியிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். அப்புறம் அந்த வருஷத்து என்னை நினைத்துப் பார்த்தேன். தாங்கியிருக்க மாட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். செல்வியும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

புதிதாக நடும் அன்று நான் காம்பஸைத் தொடவில்லை. செல்வியே பார்க்கட்டும் என்று தள்ளி நின்றேன். அவள் விடவில்லை. "வடக்கு நீதான்ணே பாக்கணும். அவுக உனக்குத்தான குடுத்தாக? ஆனா இரும்புகிட்ட நிக்காத" என்றாள். நான் காம்பஸே வேண்டாம் என்று, வெயில் மறைக்காத இடமாகப் பார்த்து ஒரு மூங்கிலை நட்டேன். உச்சி வெயிலில் நிழல் எப்போது ஆகக் குட்டையாகிறது என்று அதன் பக்கத்திலேயே குந்தி, ஒவ்வொன்றாகக் கல் வைத்தேன். குட்டை நிழல் காட்டியது வடக்கு. சிறுமலைப் பக்கம் விழுந்தது. வலது கைப்பக்கம் யானைமலையையும் ஒரு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கொண்டேன். உன் பையிலிருந்த கனெக்டர்களை மேலே ஏறிய ஆளிடம் மாட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்குக் குமிழை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் திருப்பினேன். செல்வி தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை ஒரு குரல் திருப்பிச் சொன்னது. பிரேசில். அங்கே காலை நேரம். பேசியவருக்குப் பின்னால் ஒரு சேவல் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. ஊர் பெயரைக் கேட்டார். "மதுரை" என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகவும் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீ இருக்கும்போதே வந்துருச்சே!"

நேற்று நான் முன்னதாகக் கிளம்பவில்லை. பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

பிளாஸ்திரியைப் பிய்க்கவில்லை, மாப்ள. இனி அந்தக் கணக்கு தேவையில்லை, ஆனாலும் அது அங்கேயே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டோம். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் ஸ்டே கம்பிகளை நானே முறுக்கிப் பார்ப்பேன். மூக்கையா அண்ணன் வீட்டுக்கு ஒரு கீறல் விழ விடமாட்டேன். இந்த வீட்டில் நான் எதையாவது தப்பாகச் செய்தால், தெரிந்த அன்றைக்கே செல்வியிடம் சொல்லிவிடுவேன். உன்னைப் போல அவளையும் எனக்காக நாற்பது கூட்டிக்கொண்டு திரிய வைக்க மாட்டேன்.

நீ நிம்மதியாக இரு. வடக்கு இன்னும் என் பொறுப்புதான்.

இப்படிக்கு,
நீ காட்டிக்கொடுக்காத உன் மச்சான்