வலது கால் சிக்கிக்கொண்ட நாள்

நண்பா,

இன்று மாலை வாஷிங் மெஷின் துவைத்து முடித்து மூன்று முறை பீப் அடித்தது. சமையலறையில் நின்றிருந்த என் வலது கை தானாக இடுப்பு உயரத்துக்குப் போய், அங்கே இல்லாத ஒரு கைப்பிடியைப் பின்னால் இழுத்தது. இது பிரிக்பீல்ட்ஸில் ஏழாவது மாடி வீடு, படகு இல்லை என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. துணிகளை எடுத்துக் காயப்போட்டேன். இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு. ஒற்றை ஆளின் துணி. கொடியில் பாதிகூட நிரம்பவில்லை. பிறகு உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

நம் சுற்றுலாப் படகு கிள்ளான் துறைக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? சுக்கான் இல்லாத படகு என்று கேள்விப்பட்டு நான் சிரித்தேன். அடியில் இரண்டு பாட்கள், விசிறி பூட்டிய கூடுகள். தள்ளுவதும் அவைதான், திரும்புவதும் அவைதான். மேலே நான் சக்கரத்தைத் திருப்பினால் கம்பி வழியாகச் செய்தி போகும், கீழே மோட்டார் அவற்றைத் திருப்பும். நீ இன்ஜின் அறைக்குள் போய் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வியர்வையோடு வெளியே வந்தாய். “மச்சான், இதுக்கு ரெண்டு காலு. ஒண்ணு மக்கர் பண்ணா நொண்டி அடிச்சாவது வீட்டுக்கு வந்துரலாம்.” அன்றிலிருந்து நமக்கு அவை இடது கால், வலது கால்தான்.

ஒன்பது வருடம் சேர்ந்து ஓட்டினோம். நான் மேலே, நீ கீழே. என் மனைவி இறந்துபோன பிறகு நான் ஒரு நாளில் அதிகம் பேசிய ஆள் நீதான். அதிலும் பாதிப் பேச்சு இன்ஜின் அறைக்கு இறங்கும் அந்தச் சின்னத் தரைக் கதவின் வழியாகத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான மேருவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கடல் உலா. பன்னிரண்டு பேர். பட்டுப் புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆற்று முகத்தைத் தாண்டிக் கப்பல் பாதையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தோம். மூத்த மகன் என் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று பீப். திரையில் சிவப்பு. படகு வலப்பக்கம் சாயத் தொடங்கியது. நான் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினேன், அது கேட்கவில்லை. கேக் பெட்டி தரையில் விழுந்தது. யாரோ கத்தினார்கள்.

நீ கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினாய். “திருப்பாத! மொதல்ல ஸ்பீட கொற!”

இரண்டு வேகக் கைப்பிடிகளையும் பின்னால் இழுத்தேன். படகு அடங்கியது. திரையைப் பார்த்தோம். வலது கால் கோணலாகத் திரும்பி அப்படியே சிக்கியிருந்தது. இடது காலை மட்டும் வைத்து முன்னால் போகப் பார்த்தேன். போன வேகத்தில் வட்டம் போட்டது. அடியில் ஒரு கோணல் பலகையைக் கட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி. இரண்டு கால்களையும் சேர்த்து ஆட்டும் ஜாய்ஸ்டிக்கும் செத்துக் கிடந்தது. வடக்கே வளைவைத் தாண்டி ஒரு சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. பெட்டிகள் அடுக்கிய மலை. அது நமக்காகத் திரும்பாது, நிற்கவும் முடியாது.

நான் ரேடியோவில் நிலைமையைச் சொன்னேன். நீ அதற்குள் ஸ்பேனர்களை எடுத்திருந்தாய். “ரைட் இன்ஜின ஆஃப் பண்ணு. மோட்டார கழட்டிட்டு கையாலயே கால நேராக்குறேன். லெஃப்ட்ட வச்சு மூக்க நீரோட்டத்துக்கு எதிரா புடிச்சுக்க. ஒண்ணே ஒண்ணுடா. நான் சொல்ற வரைக்கும் ரைட் பட்டன தொடாத. என் கை உள்ளாற இருக்கும்.”

“சரிடா.”

நீ இறங்கினாய். கதவு திறந்தே இருந்தது. சூடான எண்ணெய் நாற்றம் மேலே வந்தது. நீ ஒவ்வொரு சுற்றாக எண்ணுவது இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது. மூணு. நாலு. கப்பல் எச்சரிக்கையாக ஐந்து முறை ஊதியது. அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் இறங்கியது. மூத்த மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “அண்ணே, அந்த இன்ஜினையும் போடுங்கண்ணே! புள்ளைங்க இருக்காங்க!”

என் விரல் வலது பட்டன்மேல் இருந்தது. இரண்டு இன்ஜினும் இருந்தால் பின்னோக்கியாவது ஒதுங்கலாம் என்று தோன்றியது. இருபது நொடியா, ஒரு நிமிடமா, தெரியாது. கப்பலின் பெயரைப் படிக்க முடிந்தது.

“இன்னும் ரெண்டு சுத்து!” என்றாய் கீழிருந்து.

விரலை எடுத்துவிட்டேன்.

“நேராயிருச்சு! லெஃப்ட்ல போ! மெதுவா போ!”

படகு நண்டு மாதிரி ஒரு பக்கமாக நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. பாதையின் ஓரம் காட்டும் மிதவையைத் தாண்டிய சற்று நேரத்தில் கப்பல் நம் பின்னால் கடந்தது. அதன் அலையில் எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் ஆடினார்கள். அந்த அம்மாள் கணவரின் கையை விடவே இல்லை. நீ மேலே ஏறி வந்தாய், விரல் முட்டிகளில் ரத்தம். “கேக் என்னாச்சு?” என்றுதான் முதலில் கேட்டாய். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

ஒற்றைக் காலில் ஒன்றரை மணி நேரம் நொண்டித் துறைக்கு வந்தோம். அன்று கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது விரல் விஷயத்தை உன்னிடம் சொன்னேன். நீ கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தாய்.

“அமுக்கலல்ல?”

“இல்ல.”

“அப்புறம் என்ன லா? குடி.”

நண்பா, அதைச் சொன்னது நேர்மை என்று நீ நினைத்தாய். பெரியதை மறைக்கச் சிறியதைச் சொன்னேன். அன்று காலை நீ கீழே எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே எச்சரிக்கை திரையில் மஞ்சளாக வந்தது. கருவியை அணைத்துப் போட்டேன், மறுபடி வந்தது. இன்னொரு முறை அணைத்துப் போட்டேன், வரவில்லை. துறையில் அந்தக் குடும்பம் ஏற்கெனவே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. உன்னிடம் சொன்னால் பயணம் கிடையாது என்பாய். அவர்கள் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பழுது பார்க்க வந்தவர் கணினியைச் செருகினார். “காலைலயே ரெண்டு தடவ காட்டியிருக்கே. யாரும் பாக்கலயா?” என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

“நான் கவனிக்கல” என்றேன்.

நீ கையைத் துணியில் துடைத்துக்கொண்டாய். பிறகு “சரி லா” என்றாய். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தேவலை. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் மேலே வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, திரையை ஒரு முறை நீயே பார்த்துவிட்டுப் போவாய். ஒன்றும் கேட்கமாட்டாய். எத்தனையோ நாள் வாய் வரை வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடம் ஓடியது. நீ வேலையை விட்டு, செமினியில் மகள் வீட்டோடு போய்விட்டாய். போன் செய்தால் மழை, மருந்து, பேரப்பிள்ளை. ஒரு காலை உன் எண்ணிலிருந்து உன் மகள் பேசினாள். ராத்திரி நெஞ்சு வலியாம், போய்விட்டாயாம்.

செமினிக்கு வந்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே பந்தலில் நின்றிருந்தபோது உன் மகள் வந்தாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது. “அங்கிள், அப்பா அந்தக் கப்பல் கதைய எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. ‘என் கை உள்ள இருந்துச்சு, அவ்வளோ பேரு கத்துனாங்க, அவன் பட்டன தொடவே இல்ல, அவன் மேல நின்னா நான் கண்ண மூடிட்டு கைய விடுவேன்’னு.”

நான் அவள் தலையில் கை வைத்தேன். வீடு வரும் வழியெல்லாம் ரேடியோவைப் போடாமல் ஓட்டி வந்தேன். நீ எதை நம்பிச் செத்தாய் என்று எனக்குத் தெரியாது. சந்தேகம் தீர்ந்து செத்தாயா, சந்தேகத்தோடேயே என்னைப் பெருமையாகப் பேசினாயா? இரண்டாவதுதான் என்றால் தாங்க முடியவில்லை.

இப்போது உன் இடத்தில் ரஹிம் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார். போன வாரம் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு மஞ்சள் எழுத்து வந்தது, உடனே மறைந்தும் விட்டது. ரஹிம் கீழே இருந்தார், பார்க்கவில்லை. நான் இன்ஜின்களை நிறுத்தினேன். எழுந்து போய்ப் பயணிகளிடம், “மன்னிச்சிருங்க, திருப்புற பாகத்துல பழுது காட்டுது, இன்னைக்குப் போக முடியாது” என்றேன். ஒரு பெண் திட்டினாள். ஒரு தாத்தா ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு முகம் பார்க்காமல் இறங்கினார்.

ரஹிம் மேலே வந்து திரையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. “அணைச்சுப் போட்டா சரியாயிருக்குமே பாஸ்?” என்று மலாயில் கேட்டார்.

“முன்னாடி ஒரு தடவை அப்படித்தான் போட்டேன்” என்றேன். “கீழே என் நண்பன் இருந்தான். அவன்கிட்ட சொல்லல. அவன் கேட்டப்பவும் பொய் சொன்னேன்.”

ரஹிம் கயிற்றை இழுத்துக் கட்டப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். கேட்ட ஆள் நீ இல்லை. காலியான படகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.