சேற்றில் சாய்ந்த ஆறு மணி நேரம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படாதே, நேற்று எங்கள் பாய்மரப் படகு தரை தட்டியது. இதன் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பலகை தொங்குகிறது. அதனால் கடல்நீர் ஏறி வற்றும் கால்வாயில் போகும்போது, முன்னால் நின்று நீளக் கோலைத் தண்ணீரில் இறக்கி ஆழம் சொல்வது என் வேலை. கோலைப் பிடித்துக்கொண்டே உன் கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றுகிற நேரம்; படகு சேற்றில் உட்கார்ந்து ஒருக்களித்துவிட்டது.

"என்னய்யா, நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?" என்று கத்தினார் கேப்டன். "தண்ணி ஏற ஆறு மணி நேரம் ஆகும். இப்படியே கிட!"

கிடந்தேன். சாய்ந்தபடியே உன் கடிதத்தை மறுபடி படித்தேன். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அதில் ஐந்து இடத்தில் வருகிறார். மோட்டாரைச் சரிசெய்தாராம், பாப்பாவைச் சிரிக்கவைத்தாராம், உன் காப்பியைப் புகழ்ந்தாராம். நான் ஒரே இடத்தில்தான் வருகிறேன்: உறைமேல், முகவரியில்.

இங்கே குளிர் அதிகம். உன் பழைய போர்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

கேப்டன் கூப்பிடுகிறார். ஹால் ஃபேன் சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தாய். போடட்டும், யாரையும் கூப்பிடாதே. மூன்று மாதத்தில் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஃபேன் வேலை தெரியாது என்பதை மட்டும் அந்த ஆளிடம் சொல்லிவிடாதே.

உன் வீட்டுக்காரன்